தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் பல்லில் கை வைக்க விடும் முன்

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது கடிப்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர் சொன்னால்தான் உண்டு. தனியாகப் படுப்பவருக்கு அதற்கும் வழியில்லை. இன்னொரு சிக்கல், பலர் அரைப்பதே இல்லை. சத்தமே வராமல் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தபடி தூங்குவார்கள். காலையில் கன்னம் கனத்து, வாயைத் திறக்கவே சோம்பலாக, நெற்றிப்பொட்டில் இரண்டு பக்கமும் மந்தமான வலியோடு எழுந்திருப்பார்கள். குளித்து, சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்புவதற்குள் அது பாதி அடங்கிவிடும். அடங்கிவிடுவதால்தான் மாதக்கணக்கில் யாரும் கண்டுகொள்வதில்லை. எழுந்தவுடன் அதிகம், நேரம் போகப்போகக் குறைவு என்றால் இரவில் கடிக்கிறோம். காலையில் நன்றாக இருந்து மாலையில் ஏறினால் பகலில் கடிக்கிறோம். எந்த டாக்டரிடம் போவதற்கு முன்னும் ஒரு வாரம் இதை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். எடுக்கச் சொல்லும் பாதி பரிசோதனைகளைவிட இந்தக் குறிப்பு உதவும்.

முதலில் மாட்டுவது காது. தாடை மூட்டு காதுத் துளைக்கு நேர் முன்னால் இருக்கிறது. சுண்டுவிரல் நுனியைக் காதுக்குள் லேசாக வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், மூட்டு நகர்வது விரலில் தட்டும். அங்கே வலித்தால் காதுக்குள் வலிப்பது போலத்தான் இருக்கும். காது அடைத்த மாதிரியும் இருக்கும், சிலருக்கு இரைச்சல்கூடக் கேட்கும். காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்பார். அவர் சொல்வது சரிதான். அடுத்து தலைவலிக்காகக் கண் பரிசோதனை, புதுக் கண்ணாடி. அதற்கடுத்து சைனஸ் என்று யாராவது சொல்ல, ஆவி பிடிப்போம். ஆவி பிடித்தால் கொஞ்சம் சுகமாகவே இருக்கும். சூடு கன்னத் தசையிலும் படுகிறதல்லவா! அதனால் சைனஸேதான் என்ற நம்பிக்கை இன்னும் பலப்படும். இப்படிச் சுற்றுவதில் போகிற பணத்தைவிட, ஒவ்வொரு இடத்திலும் 'ஒன்றுமில்லை' என்று கேட்டுவிட்டு வலியோடு வீடு திரும்புவதுதான் ஆளைத் தின்னும். நமக்கே நம்மீது சந்தேகம் வந்துவிடும். வீட்டிலும் மெல்ல மெல்ல, எல்லாம் மனசுதான் காரணம் என்று பேச்சு ஆரம்பிக்கும்.

கடைசியில் பல்லுக்கு வருவோம். இங்கே போவது பணம் மட்டுமில்லை. தாடை எலும்பின் கீழ்மூலையிலிருந்து கன்ன எலும்பு வரை ஏறும் தடித்த தசைக்கு மாசெட்டர் என்று பெயர். அதில் முடிச்சு விழுந்தால் வலி கடைவாய்ப் பல்லில் தெரியும். நெற்றிப்பொட்டை மூடியிருக்கும் டெம்பொராலிஸ் தசை இறுகினால் மேல்வரிசைப் பற்களில் தெரியும். வலிக்கிற இடத்தைத்தான் நாம் காட்டுவோம், டாக்டரும் அந்தப் பல்லைத்தான் பார்ப்பார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெளிவாக இல்லாவிட்டாலும், 'எதற்கும் ரூட் கெனால் செய்துவிடலாம்' என்ற வார்த்தை எங்காவது ஒரு இடத்தில் வந்துவிடும். நரம்பை எடுத்து, மேலே கேப் போட்டால் பத்தாயிரம் ரூபாய் சாதாரணமாகத் தாண்டும். இரண்டு வாரத்தில் வலி பக்கத்துப் பல்லுக்கு வந்து நிற்கும், ஏனென்றால் அது பல்லில் இருந்ததே இல்லை. நல்ல பல் ஒன்றின் நரம்பு போனது போனதுதான்.

அதனால் ரூட் கெனாலுக்குச் சம்மதிக்கும் முன் சில பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். குளிர்ச்சி வைத்துப் பார்க்கும் சோதனையில், நரம்பு கெட்ட பல் ஒன்று உணர்வே இல்லாமல் இருக்கும் அல்லது குளிர்ச்சியை எடுத்த பிறகும் நெடுநேரம் வலித்துக்கொண்டே இருக்கும். பக்கத்துப் பற்களைப் போலவே சட்டென்று கூசி சட்டென்று அடங்கினால் நரம்பு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. அந்தப் பல்லைச் சுற்றி மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. பல் மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால் ஊற்று வேறிடம். மாசெட்டரை விரலால் அழுத்தும்போது அதே பல்வலி கிளம்புகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பினால் கிட்டத்தட்ட முடிவு தெரிந்துவிட்டது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: பல்லைக் கடிப்பவர்களுக்கு உண்மையிலேயே பல் விரிசல் விடுவதும் உண்டு. கடித்து விடும்போது, அதாவது அழுத்தத்தை எடுக்கிற நொடியில், சுரீரென்று குத்தினால் அது விரிசலாக இருக்கலாம். பல்லின் மேல் மேடாக இருக்கும் முகடுகளை ஒவ்வொன்றாகக் கடிக்க வைத்துப் பார்க்கிற சின்ன பிளாஸ்டிக் கருவி பல் டாக்டரிடம் இருக்கும். அதைத் தள்ளிப்போடாதீர்கள், விரிசல் வேர் வரை இறங்கினால் பல்லையே எடுக்க வேண்டியதாகிவிடும்.

நாமே கண்ணாடி முன் நின்று பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. இரண்டு கைவிரல்களையும் தாடை மூலையில் வைத்துப் பல்லை ஒருமுறை இறுக்கிக் கடியுங்கள், புடைத்து எழுவதுதான் மாசெட்டர். கடியை விட்டபின் அதையே மெதுவாக அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வலித்தால், எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள் என்று யோசியுங்கள். அடுத்து கோரைப்பல். அதன் நுனி கூராக இருக்க வேண்டும். அரைப்பவர்களுக்கு அது தட்டையாகி, கீழ்த்தாடையை அந்தப் பக்கமாக நகர்த்தினால் மேலும் கீழும் இருக்கும் தட்டைகள் இடைவெளி இல்லாமல் பொருந்தும். முன்பற்களின் விளிம்பில் வெள்ளைக்கு நடுவே மஞ்சள் கோடு தெரிந்தால், எனாமல் தேய்ந்து உள்ளே இருக்கும் டென்டின் வெளியே வந்திருக்கிறது. எனாமல் திரும்ப வளராது. நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த அலை அலையான தடம், கன்னத்தின் உள்பக்கம் பல் சந்திக்கும் உயரத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு, இவை இரண்டும் இறுக்கிக் கடிப்பவர்களிடம் அடிக்கடி காணப்படும். கடைசியாக வாய் எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். உங்கள் சொந்த விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடிந்தால் சரி, பெரியவர்களுக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

தூக்கத்தில் நடப்பது என்னவென்றால், மூளை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாத கட்டங்களில் சில நொடி அரைவிழிப்புக்கு வந்து போகிறது. அப்போது இதயத் துடிப்பு கொஞ்சம் ஏறும், அதைத் தொடர்ந்து மெல்லும் தசைகள் நொடிக்கு ஒன்று என்கிற கணக்கில் சுருங்கி விரியும். எல்லோருக்கும் இது ஓரளவு நடப்பதுதான், சிலருக்கு அளவும் விசையும் அதிகம். பகலில் முயன்றாலும் கடிக்க முடியாத அழுத்தத்தைக்கூடச் சிலர் தூக்கத்தில் கொடுத்துவிடுகிறார்கள். பல்வரிசை கோணலாக இருப்பதால்தான் கடிக்கிறோம் என்பது பழைய நம்பிக்கை. இது மூளையிலிருந்து வருவது என்பதுதான் இப்போதைய புரிதல். 2018ல் இத்துறை வல்லுநர்கள் கூடி எழுதிய கருத்தொற்றுமை அறிக்கை, மற்றபடி ஆரோக்கியமானவர்களிடம் இதை ஒரு நோயாகவே கருத வேண்டியதில்லை, மெல்லும் தசைகளின் செயல்பாடு என்றே பார்க்க வேண்டும் என்றது. கேட்டால் ஆறுதல்தான். வலிக்கிறவர்களுக்கு அதனால் வலி குறையப்போவதில்லை. 'டென்ஷனைக் குறைச்சுக்கோங்க' என்ற அறிவுரையும் அப்படியே. மன அழுத்தத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அதை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறவர் மற்ற காரணங்களைத் தேடவில்லை என்று அர்த்தம்.

அந்த மற்ற காரணங்களை நாமே தேட வேண்டியிருக்கிறது. மாலைக்கு மேல் குடிக்கும் காபி, டீ, இரவு மது, சிகரெட், இவை எல்லாம் கடியைக் கூட்டும். புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்து அதன்பின் இது வந்ததா என்று பாருங்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற ஃப்ளூவோக்ஸெடின், செர்ட்ராலின், பராக்ஸெடின், எஸ்சிடலோபிராம், வென்லாஃபாக்ஸின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பைக் கிளப்பிவிடும். உடனே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள். அளவை, நேரத்தை, மருந்தை மாற்ற அவருக்கு வழி உண்டு. இரவில் நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கும் இந்தத் தொடர்பு காணப்படுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் குறட்டை. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்து, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிபவர் என்றால் முதலில் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். மூச்சுத் தடையைச் சரிசெய்த பின் பல் கடிப்பு குறைந்தவர்கள் இருக்கிறார்கள். மாறாக, இதைப் பார்க்காமல் மேல்தாடைக்குச் சாதாரண நைட் கார்டு (இரவில் பல்வரிசை மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை) மட்டும் போட்டால் சிலருக்கு மூச்சுத் தடை கூடவும் வாய்ப்புண்டு. கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிற வேறு வகைக் கருவி அவர்களுக்குத் தேவைப்படலாம். கார்டு செய்யும் இடத்தில் குறட்டையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையா? நீங்களே சொல்லிவிடுங்கள்.

பணச் செலவே இல்லாத வைத்தியம் பகலில் இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் கடைசியாகச் செய்கிறோம். உதடு மூடியிருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொடுவதை எல்லாம் கூட்டினாலும் ஒரு நாளைக்கு அரைமணி நேரம்கூட வராது. இதை வாசிக்கும் இந்த நொடியில் உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பலருக்கும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். கணினித் திரையைப் பார்க்கும்போது, நெரிசலில் வண்டி ஓட்டும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, கனமான எதையாவது தூக்கும்போது, குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது தாடை தானாக இறுகும். 'ன' என்று சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல்முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் ஒட்டியிருக்கும், பற்கள் விலகியிருக்கும், உதட்டை மட்டும் மூடிக்கொள்ளலாம். இதுதான் தாடை ஓய்வெடுக்கும் நிலை. திரையின் ஓரத்தில், கண்ணாடியில், ஸ்கூட்டர் மீட்டர் பக்கத்தில் சின்னச் சின்ன வண்ணப் பொட்டு ஒட்டி வையுங்கள். ஸ்டிக்கர் பொட்டே போதும். கண்ணில் படும்போதெல்லாம் ஒருமுறை தாடையைத் தளர்த்த வேண்டும். நாலைந்து நாளில் கண் பழகிப்போய் பொட்டே தெரியாது, அப்போது இடத்தை மாற்றி ஒட்ட வேண்டும். கேலியாகத் தோன்றும். ஆனால் பகல் கடி குறையாமல் இரவுக்கு எந்தக் கருவி போட்டாலும் தசைக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

வலி அதிகமாக இருக்கும் வாரங்களில் தாடையை நோயாளியாகவே நடத்த வேண்டும். முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, பாக்கு, சூயிங் கம், எலும்பு கடிப்பது எல்லாவற்றுக்கும் விடுப்பு. பரோட்டாவும் இந்தப் பட்டியலில்தான். மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் மென்று முடிக்கத் தாடை படும் பாடு அதிகம். இட்லி, இடியாப்பம், பொங்கல், குழைந்த சாதம் என்று இரண்டு வாரம் போனால் வித்தியாசம் தெரியும். ஆப்பிளைக் கடிக்காமல் துண்டாக நறுக்கிச் சாப்பிடுங்கள். கொட்டாவி வரும்போது முகவாய்க்கு அடியில் கைமுஷ்டியை வைத்து வாய் முழுதாகத் திறக்காமல் தடுங்கள். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, தாங்கக்கூடிய சூட்டில் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஆறிப்போனால் மறுபடி நனைக்க வேண்டும். படுக்கும் முன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை. சூடு தந்த பிறகு தசையைப் பிடித்துவிடுவது எளிது. கையைச் சுத்தமாகக் கழுவி, கட்டைவிரலைக் கன்னத்துக்குள்ளும் மற்ற விரல்களை வெளியிலும் வைத்து மாசெட்டரை இடுக்கி, வலிக்கிற முடிச்சு கிடைத்த இடத்தில் அரை நிமிடம் நிதானமாக அழுத்திப் பிடியுங்கள். நாளை கன்னிப்போகும் அளவுக்கு நசுக்க வேண்டாம். பிறகு நாக்கு நுனியை அண்ணத்திலேயே ஒட்டி வைத்துக்கொண்டு, அது விடுபடாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுங்கள். பிசியோதெரபிஸ்டுகள் இதை ஒரு தடவைக்கு ஆறு முறை, நாளுக்கு ஆறு தடவை என்று சொல்லித் தருவார்கள். கண்ணாடி பார்த்துச் செய்தால் தாடை ஒரு பக்கம் கோணாமல் நேராக இறங்குகிறதா என்பதும் தெரியும். குப்புறப் படுத்து ஒரு பக்கம் முகத்தைத் திருப்பித் தூங்குவது, கன்னத்துக்குக் கீழே கையை முட்டுக்கொடுத்துத் தூங்குவது, போனைத் தோளில் இடுக்கிப் பேசுவது, மூன்றும் தாடைக்குப் பகை.

இப்போது நைட் கார்டு. முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். இது கடிப்பதை நிறுத்தும் கருவி இல்லை. கடிக்கிற விசை பல்லில் இறங்காமல் பிளாஸ்டிக்கில் இறங்குகிறது, அவ்வளவுதான். சிலருக்குத் தசை வலியும் குறையும், சிலருக்குக் குறையாது. பல் தேய்வது மட்டும் நிற்கும். இதைச் சொல்லாமல் விற்பதால்தான் ஒரு மாதத்தில் ஏமாந்துபோய்க் கழற்றி வைக்கிறோம். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் வகை கிடைக்கிறது. அவசரத்துக்கு ஒன்றிரண்டு வாரம் தாங்கும். தடியாக இருக்கும், கடி சமமாக அமையாது, அதிலேயே காலம் தள்ளக்கூடாது. அடுத்தது பல் டாக்டரிடம் அச்செடுத்துச் செய்யும் மென்மையான வகை. போட்டவுடன் இதமாக இருக்கும், விலையும் மட்டு. ஆனால் மென்மையான எதுவும் வாயில் கிடைத்தால் மெல்லத்தான் தோன்றும். சிலருக்குத் தசை இன்னும் அதிகமாக வேலை செய்து காலை வலி கூடிவிடும். பலமாகக் கடிப்பவர் ஆறே மாதத்தில் ஓட்டை போட்டுவிடுவார். மூன்றாவது கெட்டியான அக்ரிலிக்கில், மேல்வரிசை முழுவதையும் மூடும் ஸ்ப்ளின்ட். மென்மையானதைப் போல மூன்று நான்கு மடங்கு விலை ஆகலாம். பல்லில் படும் பக்கம் மென்மையும் கடிக்கும் பக்கம் கெட்டியுமாக இரண்டடுக்கு வகையும் உண்டு. தினமும் கடிப்பவருக்கும் வலி இருப்பவருக்கும் கெட்டி வகைதான் என்பது என் தீர்மானம். இரண்டு மென்மையானது வாங்கும் காசை முதலிலேயே இதில் போட்டுவிடலாம். முன்பற்களை மட்டும் மூடும் குட்டிக் கருவி ஒன்றும் விற்கிறார்கள். அதை நீண்ட நாள் போட்டால் மூடப்படாத கடைவாய்ப் பற்கள் மெல்ல மேலெழுந்து, முன்பற்கள் சேராமல் கடியே மாறிவிடக்கூடும். எல்லாப் பல்லையும் மூடுவதையே கேளுங்கள்.

ஸ்ப்ளின்ட் நல்லதா இல்லையா என்பது அதைச் செய்த லேபைவிட, மாட்டும் அன்று டாக்டர் செலவிடும் நேரத்தில் இருக்கிறது. வாயில் மாட்டியதும் ஆடக்கூடாது, வாயைத் திறக்கும்போது கழன்று விழவும் கூடாது. எந்தப் பல்லையாவது இறுக்கிப் பிடித்தால் அந்த இடத்தை உள்பக்கம் லேசாகச் சுரண்ட வேண்டும். அதன்பின் நீலமும் சிவப்புமாக மெல்லிய கார்பன் தாளை நடுவில் வைத்து, தட்டுங்கள், தட்டுங்கள் என்பார். எடுத்துப் பார்த்தால் ஸ்ப்ளின்டின் மேல் புள்ளிகள் விழுந்திருக்கும். இரண்டு பக்கமும், ஒவ்வொரு கீழ்ப்பல்லுக்கும் ஒரு புள்ளி வீதம், ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். வலப்பக்கம் கறுத்த ஐந்து புள்ளி, இடப்பக்கம் மங்கலாக ஒன்று என்றால், மைக்ரோமோட்டாரால் அந்தக் கறுத்த இடங்களைத் தேய்த்து, மறுபடி தாள், மறுபடி தட்டு. பிறகு இன்னொரு நிறத் தாளை வைத்துக் கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் தள்ளச் சொல்வார். அப்போது கோரைப்பல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு கோடு விழ வேண்டும், கடைவாயில் கோடு விழுந்தால் அதையும் எடுக்க வேண்டும். இதற்குப் பொறுமையாக அரைமணி நேரம் பிடிக்கும். அச்செடுத்து, டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்து, 'போட்டுக்கோங்க' என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பினால் பணம் பாதி வீண். ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு மறுபடி தாள் வைத்துப் பார்ப்பதும் சேர்த்துத்தான் கட்டணமா என்று முன்கூட்டியே கேளுங்கள். தசை தளர்ந்த பிறகு தாடை நிற்கும் இடமே சற்று மாறும், புள்ளிகளும் மாறும். தனியாரில் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு, சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. மற்ற ஊர்களில் பல் மருத்துவக் கல்லூரிகளின் புறநோயாளிப் பிரிவுகளை விசாரிக்கலாம். செயற்கைப் பல் கட்டும் துறை, வாய் மருத்துவத் துறை இரண்டும் இதைப் பார்ப்பவை. காத்திருக்கத்தான் வேண்டும்.

முதல் சில இரவு எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், தூக்கத்திலேயே கழற்றித் தலையணைக்கடியில் போட்டிருப்போம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாட்டிக்கொண்டு பழகினால் சரியாகிவிடும். காலையில் கழற்றியதும் பற்கள் சரியாகச் சேராத மாதிரி ஒரு உணர்வு சில நிமிடம் இருப்பது சகஜம். மதியம் வரை அப்படியே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். கழற்றியதும் குளிர்ந்த தண்ணீரில் மென்மையான பிரஷும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுத் தேய்த்தால் போதும். பற்பசையில் இருக்கும் துகள் அக்ரிலிக்கைக் கீறிவிடும், கீறலில் கிருமி தங்கி நாற்றம் வரும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும், நம் ஊர் வெயிலில் காருக்குள் விட்டுப்போனாலும் அதே கதிதான். பல்செட் சுத்தம் செய்யும் மாத்திரையில் வாரம் ஒருமுறை ஊறவைக்கலாம். காகிதத்தில் சுற்றி வைக்கவே வேண்டாம். வீட்டில் யாராவது குப்பை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நாய் வளர்ப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும், எச்சில் வாசனைக்கு முதல் ஆளாக வந்துவிடும்.

திரும்பப் பெற முடியாத எந்த வைத்தியத்துக்கும் ஆரம்பத்திலேயே தலையாட்டாதீர்கள். 'உங்க கடி சரியில்லை, சில பல்லைத் தேய்த்துச் சமன் செய்யலாம்' என்பது ஒன்று. 'எல்லாப் பல்லுக்கும் கேப் போட்டு உயரத்தைக் கூட்டலாம்' என்பது இன்னொன்று, அதற்கு லட்சங்களில் மதிப்பீடு வரும். 'கிளிப் போட்டால் பல் கடிப்பது நின்றுவிடும்' என்பது மூன்றாவது. பல்லைச் சீவி எடுத்தால் ஒட்ட முடியாது. கடிப்பது மூளையிலிருந்து வருகிறது, மேலே என்ன வைத்தாலும் அதையும் கடிப்போம். அமெரிக்க அரசின் பல் ஆராய்ச்சி நிறுவனமும் தாடை மூட்டு வலிக்காரர்களுக்கு இதையேதான் சொல்கிறது: பல்லையும் கடியையும் நிரந்தரமாக மாற்றும் வைத்தியத்தைத் தவிர்க்கப் பாருங்கள். தேய்ந்துபோன பல்லைக் கட்டிக்கொள்வது வேறு விஷயம், அது பல்லைக் காப்பாற்ற. வலிக்கு மருந்தாக அதை விற்பதைத்தான் ஒத்துக்கொள்ளக்கூடாது.

வலி மாத்திரையும் தசை தளர்த்தும் மாத்திரையும் சில நாளுக்கு மட்டும், டாக்டர் சொன்னபடி. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கடையில் தானாக வாங்கிப் போடவே கூடாது. மெக்னீசியம் மாத்திரையைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள், பல் கடிப்புக்கு அது உதவும் என்று உறுதியான ஆதாரம் இல்லை. தசையைத் தளர வைக்கும் போடாக்ஸ் ஊசி, மற்றது எதுவும் பலிக்காதவர்களுக்கு. ஒவ்வொரு பக்க மாசெட்டரிலும் பொதுவாக 20 முதல் 30 யூனிட் வரை போடுவார்கள். கடிக்கும் எண்ணிக்கையைவிட விசையைத்தான் அது குறைக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும், மறுபடி காசு. ஊசி இடம் தவறினால் சிரிப்பு ஒரு பக்கம் கோணும், அது தெளியவும் வாரக்கணக்கில் ஆகும். திரும்பத் திரும்பப் போட்டால் தசை மெலிந்து தாடை எலும்பும் இளைக்குமோ என்ற கவலை மருத்துவர்களிடையே இருக்கிறது. முகம் ஒல்லியாகத் தெரியும் என்று அழகு நிலைய விளம்பரம் போலப் பேசும் இடத்தில் இதைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தாடையில் 'டக்' என்று சத்தம் வந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் சிறு குருத்தெலும்புத் தட்டு கொஞ்சம் நழுவி, வாயைத் திறக்கும்போது திரும்ப இடத்தில் உட்காரும் சத்தம் அது. வலியில்லை, வாய் முழுதாகத் திறக்கிறது என்றால் விட்டுவிடலாம். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுவதை மட்டும் நிறுத்த வேண்டும். ஒருநாள் அந்தச் சத்தம் சட்டென்று நின்று, அன்றிலிருந்தே வாய் பாதிதான் திறக்கிறது என்றால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தட்டு திரும்ப உட்காராமல் முன்னாலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். அந்த வாரமே காட்டினால் சரிசெய்வது எளிது. எம்ஆர்ஐ இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பயன்படும், மற்றவர்களுக்கு முதலில் ஒரு ஓபிஜி எக்ஸ்ரே (இரண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரிவது) போதும். பெரிய கொட்டாவிக்குப் பின் வாய் திறந்தபடியே நின்று மூட முடியாமல் போனால் அது தாடை விலகல், நேராக அவசரப் பிரிவு. இதோடு சேர்த்து இன்னொரு எச்சரிக்கை: மேலே ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடை வலித்து, நின்றால் அடங்கினால் பல் டாக்டரிடம் நேரம் கடத்தாதீர்கள், இதயத்தைப் பார்க்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும், மெல்லும்போது தாடைச் சோர்வும் வந்து, பார்வையிலும் மங்கல் தெரிந்தால் அதுவும் அன்றைக்கே காட்ட வேண்டியது.

குழந்தை பல்லை நறநறத்தால் வயிற்றில் பூச்சி என்று பாட்டிகள் சொல்வார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தால் கெடுதல் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளியிலேயே கொடுக்கிறார்கள். ஆனால் பல் கடிப்புக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இது தானாக நின்றுவிடும். பால்பல் தேய்ந்தாலும் விழப்போகிற பல்தான். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது, குறட்டை விடுகிறது என்றால் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாடை வளர்கிற வயதில் டாக்டர் சொல்லாமல் கார்டு வாங்கி மாட்டாதீர்கள்.

பல் கடிப்பவர் வாயில் எதைக் கட்டினாலும் அதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எந்தப் பொருளில் கேப், எவ்வளவு தடிமன், இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்) என்றால் எத்தனை என்பதெல்லாம் அதை வைத்து மாறும். உலோகத்தின் மேல் ஏற்றிய பீங்கான் கடைவாயில் பெயர்ந்து வரும். முழு ஜிர்கோனியா (உலோகம் இல்லாத கெட்டிப் பீங்கான் வகை) தாங்கும், ஆனால் நன்றாகப் பாலிஷ் செய்யாமல் விட்டால் எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடும். புதுக் கேப் போட்ட பின் பழைய ஸ்ப்ளின்ட் பொருந்தாது, உட்பக்கம் திருத்தவோ புதிதாகச் செய்யவோ வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தே மதிப்பீடு கேளுங்கள். ஒவ்வொரு முறை பல் பரிசோதனைக்குப் போகும்போதும் ஸ்ப்ளின்டை டப்பாவோடு எடுத்துப் போங்கள். அதில் விழுந்திருக்கும் பள்ளங்களைப் பார்த்தால் இரவில் எந்தப் பக்கம் எவ்வளவு கடிக்கிறோம் என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும்.